குளிருக்கு ஒரு தரை

ஜிங் ஹுய்லான் பல்கலைக்கழகத்தின் தலைவராகிறாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, அவளுடைய புருஷன் குவோ மான்சாங் கொதிநீர்க் கொட்டகையில் அடுப்புக்குள் கரி தள்ளிக்கொண்டிருந்தான். ஃபிளாஸ்க்குகளோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இனியாவது இந்த மனிதன் மண்வெட்டியை வைத்துவிட்டு ஏதாவது ஒரு நாற்காலியில் உட்காருவான் என்று சிலருக்கு நினைப்பு. அவன் அடுப்பின் கதவைச் சாத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஃபிளாஸ்க்கை வைங்க" என்றான்.

தையுவான் நகரத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. வாய்க்கும் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் வெந்நீர் தருகிறவன் லேசான ஆள் கிடையாது. பேராசிரியரானாலும் பெருக்குகிறவரானாலும் காலையில் அவன் குழாய்க்கு முன்னால் நின்றுதான் ஆகவேண்டும். பச்சைத் தண்ணீரை வாயில் வைக்கிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. பிறந்த குழந்தையிலிருந்து சாகப்போகிற கிழம்வரை கொதித்த நீர்தான்.

அப்படிப்பட்டவன் பெண்டாட்டி செய்த வேலையைக் கேளுங்கள். உலகத்திலேயே அதிகமான குளிரை உண்டாக்குவது. அவன் கொதிக்க வைக்கிறான், அவள் உறைய வைக்கிறாள், அந்த வீட்டில் கஞ்சி என்றைக்கும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று வளாகத்தில் ஒரு கேலி இருந்தது. குவோவின் காதிலும் அது விழும். சிரித்துக்கொள்வான். பெண்டாட்டியைப் பற்றிய பேச்சு என்றால் கேலியானாலும் அவனுக்குப் பிடிக்கும்.

அவன் அவளை முதலில் பார்த்தது மலையோரத்துச் சுரங்கம் ஒன்றில். எழுபதாம் வருஷம். படித்தவர்கள் எல்லாம் உடலுழைப்பால் திருந்த வேண்டும் என்று அனுப்பிக்கொண்டிருந்த காலம். இயற்பியல் படித்து முடித்த இந்த ஒல்லிப் பெண்ணையும் கரி சுமக்க அனுப்பிவிட்டார்கள். குவோ அங்கே சுரங்கக் குளியலறைக்கு வெந்நீர் போடுகிறவன். குளிர் தாங்காமல் அவள் இடைவேளையில் அவன் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவனும் விரட்டவில்லை. ஒரு நாள் வெளியே பனி கொட்டியது. இந்தக் குளிர் இன்னும் எவ்வளவு தூரம்தான் போகுமோ என்று அவன் சும்மா அலுத்துக்கொண்டான். அதற்கு அவள் ஒரு முடிவு உண்டு என்றாள். சூட்டில் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கலாம், ஆனால் குளிருக்கு ஒரு தரை இருக்கிறது, அதற்குக் கீழே எதுவும் எங்கேயும் போக முடியாது என்றாள்.

குவோவுக்கு மண்வெட்டி கையிலேயே நின்றுவிட்டது. அவன் பிறந்த மலையில் குளிர் ஆட்டையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அதற்கு அடி இல்லை என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். அடி உண்டு என்று ஒரு பெண் அடுப்பங்கரையில் குந்தி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறாள். யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தது என்று கேட்டான். யாரும் போனதில்லை, கிட்டத்தில்தான் போக முடியும் என்றாள். தனக்குப் போகவேண்டும் என்றும் சொன்னாள். அன்று பிடித்த பிரமிப்பு அவனை விடவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவள் வாயில் அவன் லாவ் குவோ, செல்லமாகக் கிழட்டு குவோ.

காலம் மாறியது. பல்கலைக்கழகங்கள் மறுபடி திறந்தன, அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இனி இந்தக் கரிமூஞ்சியை அவள் கழற்றிவிடுவாள் என்று சுரங்கத்தில் பந்தயமே கட்டினார்கள். அப்படிக் கழற்றிவிட்டவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். அவள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினாள். இரண்டு வருஷ அலைச்சலில், இவனுக்கு வளாகத்துக் கொதிநீர்க் கொட்டகையில் வேலை மாற்றி வாங்கிவிட்டாள். பிறகு தன் வேலையில் இறங்கினாள். பழைய கம்ப்ரசர் ஓரிடத்தில், செம்புக்குழாய் ஓரிடத்தில் என்று பொறுக்கிச் சேர்த்து, ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் இயந்திரத்தைக் கட்டினாள். குளிரின் தரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அந்தத் திரவம்தான். அவளை மேற்படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கேயே இருந்துவிடுவாள் என்று மறுபடி ஒரு பந்தயம். சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தாள். பெட்டி நிறைய வால்வுகள். புருஷனுக்கு ஒரு கம்பளிக் குல்லாய்.

இவ்வளவு பிரமிப்பு உள்ளவன், அவளுடைய ஆய்வகத்துக்குள் ஒரு நாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம்தான். வாசல்வரை சாப்பாட்டுக் கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பான், திரும்பிவிடுவான். வெட்கம் என்று ஊர் நினைத்தது. அவன் மனசில் இருந்தது வேறு.

எண்பத்தொன்றில் அவள் கருவுற்றாள். முப்பத்தேழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த கரு. அந்தக் குளிர்காலத்தில்தான் இயந்திரம் முதன்முதலாக ஓடத் தொடங்கியிருந்தது. அவள் அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நான்காம் மாதம் கலைந்துவிட்டது. எங்கள் குடியிருப்புக் குழுவின் தலைவி ஷுவே அக்காதான் முதலில் ஓடி வந்தவள். துணிகளைத் துவைத்துப் போட்டாள், வெல்லம் போட்ட முட்டைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கடைசியில் வாசலில் நின்று குவோவிடம், "அவ்வளவு குளிருக்குப் பக்கத்துல ஒரு பொம்பள நின்னா வயித்துல எது தங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கெட்ட மனசோடு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் இஞ்சியும் கருப்புச் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்து அவளுக்குக் கொடுத்தான். குழந்தையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அந்தத் தண்ணீரை ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

தலைவரானதும் ஹுய்லான் செய்த முதல் காரியம் படுதோல்வி. மதியத் தூக்கத்தில் அரை மணியைக் குறைக்கப் பார்த்தாள். பல்கலைக்கழகமே, காவல் நாய் உட்பட, பழைய மணிப்படி தூங்கியது. அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். மற்றபடி அவளிடம் யாருக்கும் குறை இல்லை. சோற்றுக்கூடத்தில் எனாமல் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பாள். யார் வீடு ஒதுக்கச் சொல்லிக் கேட்டாலும், வேலை பார்த்த வருஷத்துக்கு முறைப்படி எத்தனை புள்ளியோ அதன்படிதான். தலைவரம்மா என்று யாரும் கூப்பிடவில்லை, எப்போதும்போல ஜிங் டீச்சர்தான்.

சிக்கல் மறுவருஷ வசந்தத்தில் வந்தது. நகரத்தின் நிலத்தடி நீர் இன்னும் கீழே போய்விட்டது, பல்கலைக்கழகத்துக்கு வரும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பெரிய வாய்கள். ஒன்று கொதிநீர்க் கொட்டகை. இன்னொன்று ஹுய்லானின் ஆய்வகம். கம்ப்ரசரைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும். ஊர் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது தலைவர் தன் விளையாட்டுக்குச் சாக்கடையில் விடுகிறார் என்ற முணுமுணுப்பு கிளம்பியது. அவள் காத்திருக்கவில்லை. மாதக் கடைசிக்குள் வழி கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவது என்று தானே கையெழுத்துப் போட்டாள். மூடினால் மூடினதுதான். சிலிண்டர்களில் இருக்கும் ஹீலியத்தை வேறு ஊர் ஆய்வகங்கள் பங்கு போட்டுக்கொள்ளும், திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளுடைய பாதி ஆயுள் அந்த அறைக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் நூடுல்ஸில் புளிப்புக் காடி ஊற்றிக்கொண்டதைப் பார்த்தால் எதுவும் நடந்தமாதிரியே தெரியவில்லை. குவோதான் சாப்பிடவில்லை.

வழி அவளுக்கே தோன்றியது. கம்ப்ரசரை விட்டு வெளியே வரும் தண்ணீர் சுத்தமானது, வெதுவெதுப்பாகவும் இருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் குழாய் போட்டுக் கொதிநீர்க் கொட்டகைக்குக் கொண்டுபோனால் ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்யும், கரியும் மிச்சம். பொறியாளர்கள் பார்த்துச் சரி என்றார்கள். சுகாதார அலுவலகம் பரிசோதித்துச் சரி என்றது. குழாய் போட்டாயிற்று.

ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போதே ஷுவே அக்கா சட்டத்தை அறிவித்துவிட்டாள். அது குளிர்ச்சித் தண்ணீர். எவ்வளவு கொதிக்க வைத்தால் என்ன? எங்கள் ஊர் வைத்தியத்தில் நண்டு குளிர்ச்சிப் பண்டம்; அதைக் கொதிக்க வைத்தால் குளிர்ச்சி போய்விடுமா? பேரிக்காயை வேகவைத்தால் சூடு பண்டமாகிவிடுமா? சூடு என்பது கைக்குத் தெரிவது, குளிர்ச்சி என்பது உள்ளே இருக்கும் குணம். உலகத்திலேயே பெரிய குளிரைத் தொட்டுவிட்டு வருகிற தண்ணீரின் குணம் எப்படி இருக்கும் என்று வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். இயற்பியல் துறைப் பேராசிரியர்களின் மனைவிகள்கூட யோசித்தார்கள். மனைவிகள் மட்டும் யோசித்தார்கள் என்று சொன்னால் அது பொய்.

குழாய் திறந்த அன்று காலையில் குவோவின் கொட்டகை வாசல் காலி. ஃபிளாஸ்க்குகள் எல்லாம் சைக்கிளில் தொங்கிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பஞ்சாலையின் கொதிகலனுக்குப் போயின. சுற்றுச்சுவர் ஓரமாகக் கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், இருந்தாலும் போனார்கள். இப்படியே போனால் மாதக் கடைசியில் குழாயைப் பிடுங்கவேண்டும், ஆய்வகத்தை மூடவேண்டும். இதில் ஒரே ஓர் ஆள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக யார் வயிற்றையும் கெடுக்காத குவோ, இந்தத் தண்ணீர் நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிலர் வந்து அவனிடமே கேட்டார்கள். அவன் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஹுய்லான் ஃபிளாஸ்க்கிலிருந்து கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது பஞ்சாலைத் தண்ணி. கரிக்குது."

குவோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருல இருக்கறவங்க நம்பலன்னா புரியுது. நீயுமா, லாவ் குவோ?"

"நான் நம்ம தண்ணியத்தான் குடிக்கிறேன்" என்றான் அவன். "உனக்கு மட்டும்தான் அங்கேருந்து எடுத்துட்டு வந்தேன். எனக்கு என்ன ஆனா என்ன. ஒண்ணு போனது போதும்."

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. அவள் எழுந்து கிண்ணங்களை எடுத்துக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். கோபம் இல்லை. அதுதான் அவனை வதைத்தது.

மறுநாள் மதியம், ஊர் முழுக்கத் தூங்குகிற வேளையில், அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். வா என்று மட்டும் சொன்னாள். ஆய்வக வாசலில் அவன் வழக்கம்போல நின்றான். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. கம்ப்ரசர் இரைச்சல், குழாய்கள், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. வெள்ளி பூசிய குடுவையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு மட்டும் பூசாமல் விட்டிருந்தார்கள். அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். உள்ளே தண்ணீர் மாதிரி, தண்ணீரைவிட லேசாக ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கொதிப்பை அவனுக்குத் தெரியும். அவன் பிழைப்பே அதுதான். ஆனால் குளிர் கொதித்து அவன் பார்த்ததில்லை. அவள் ஒரு பம்பை ஓட்டி, அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்பப் பாரு" என்றாள்.

கொதிப்பு நின்றது. மெல்ல அடங்கவில்லை. சட்டென்று, ஒரு குமிழிகூட மிச்சமில்லாமல் நின்றது. அந்தத் திரவம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு அசையாமல் கிடந்தது. அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை முக்கி, நூலால் மேலே தூக்கினாள். கிண்ணம் விளிம்புவரைகூட நிறையவில்லை. இருந்தும் அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. கிண்ணத்தில் ஓட்டை இல்லை. உள்ளே இருப்பது தானாகச் சுவரேறி, விளிம்பைத் தாண்டி, வெளிப்பக்கமாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சாய்க்கவில்லை, யாரும் தொடவில்லை. கிண்ணம் காலியாகும்வரை குவோ குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். கும்பிடத் தோன்றியது அவனுக்கு. எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். நெற்றியில் நரைமயிர் ஒட்டியிருக்க, அவளும் முதல்தடவை பார்ப்பவள்போல அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுவையத் தொடு" என்றாள்.

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"எத்தனை ஆயிரம் ஃபிளாஸ்க் தூக்கியிருப்ப. உள்ள கொதிக்குது, வெளிய என்னைக்காவது உன்னச் சுட்டிருக்கா?"

தொட்டான். கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. மேசையைப்போல, கதவைப்போல. அவ்வளவு குளிருக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றிடம். அந்த ஒன்றுமில்லாததைத் தாண்டிக் குளிர் வரவில்லை. அவள் அவன் இன்னொரு கையை எடுத்து, சுவரோரம் வெளியே போகும் குழாயின்மேல் வைத்தாள். அது வெதுவெதுவென்று இருந்தது.

"குளிருன்னு ஒண்ண நான் செய்யறதே இல்ல. உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய விடறேன், அவ்வளவுதான். அந்தச் சூடும் மெஷினோட சூடும்தான் இதுல ஓடி உன் அடுப்புக்கு வருது. இதுல குளிர் ஏது?"

குழாயிலிருந்து கையை எடுக்காமலே அவன் கேட்டான். "அப்ப அது ஏன் போச்சு?"

"தெரியாது" என்றாள். "டாக்டருக்கும் தெரியல. இத்தனை படிச்சும் எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சும்மா இருக்க முடியுதா? எது மேலயாவது பழியப் போட்டா மனசு கொஞ்சம் லேசாகுது. நானும் போட்டேன். கொஞ்ச நாள் இந்த மெஷின் மேல. கொஞ்ச நாள் உன் சட்டையில வர்ற கரிப்புகை மேல."

குவோ திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். தினமும் அவன் இஞ்சித் தண்ணீரை நீட்டியபோது, அவளும் அந்தப் பக்கமிருந்து ஒரு சந்தேகத்தை விழுங்கிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறாள். அவன் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் கொட்டகைக்கு முன்னால் நாலைந்து பேர்தான். வேறு வழியில்லாத மாணவர்கள். ஷுவே அக்கா ஃபிளாஸ்க்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, பஞ்சாலைக்குப் போகும் வழியில் யார் யார் நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்து நின்றாள். குவோ கொட்டகைக்கு உள்ளேயிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து வந்தான். சிவப்புப் பூப்போட்ட அவன் வீட்டு ஃபிளாஸ்க். எல்லார் கண்ணுக்கும் முன்னால் குழாயைத் திறந்து அதை நிரப்பினான்.

"யாருக்கு?" என்று கேட்டாள் ஷுவே அக்கா.

"என் வீட்டுக்காரிக்கு."

ஷுவே அக்காவின் முகம் மாறியது. கரு கலைந்த அன்று அந்தத் துணிகளைத் துவைத்த கை அவளுடையது. அந்த வார்த்தையைச் சொல்ல இந்த ஆள் என்ன பாடு பட்டிருப்பான் என்று எங்கள் வளாகத்தில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு ஸ்டாண்டு போட்டாள்.

"நிரப்பு" என்று ஃபிளாஸ்க்கை வைத்தாள். "வயித்த வலிச்சா உன் வீட்டு வாசல்லதான் வந்து படுப்பேன், சொல்லிட்டேன்."

அவள் பேசிய சத்தம் பஞ்சாலைவரை கேட்டிருக்கும். மதியத்துக்குள் பாதி ஃபிளாஸ்க்குகள் திரும்பிவிட்டன, வாரக் கடைசியில் மீதியும். மாதக் கடைசியில் ஆய்வகத்தை மூடவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து வந்த கட்டுரைகளும், ஹுய்லானைத் தேடி வந்த மாணவர்களும், தூர தேசங்களிலிருந்து வந்த அழைப்புகளும் ஊருக்குத் தெரிந்தவை.

ஊருக்குத் தெரியாதது, அவன் வீட்டு ஃபிளாஸ்க்கை நிரப்பிய அன்று மதியமே நடந்தது. குவோ ஃபிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான். அவள் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள். கரிக்கவில்லை. இன்னொரு கோப்பையும் ஊற்றினாள். அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பேரு ஏதாவது நெனச்சு வச்சிருந்தியா?"

"ஷுவான்ஜு" என்றான்.

கம்பத்தில் கட்டிவைத்தவன் என்று பொருள். அவனுடைய மலையில், பிள்ளை தங்காத வீடுகளில் வைக்கிற பெயர். கட்டிவைத்த பிள்ளையை எமன் இழுத்துக்கொண்டு போக முடியாதாம்.

"பேராசிரியை பெத்த பிள்ளைக்கு மாடு கட்டற பேரா?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே லாவ் குவோ. கட்டிப் பாத்திருக்கலாமே."

இயற்பியல் படித்தவள், ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்துகிறவள் சொன்ன வார்த்தை இது. குவோ பெஞ்சை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பிள்ளைக்காக அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.